அன்னாசிப்பூ: சட்டிக்கு ஆகும், புட்டிக்கு ஆகாது

பிரியாணியிலும் ரெண்டாங்கிலும் பாக் குட் தேயிலும் மணக்கும், மலாயில் பூங்கா லாவாங் எனப்படும் அன்னாசிப்பூ, ஒருபுறம் காய்ச்சல் மாத்திரைக்கு மூலப்பொருள். மறுபுறம் குடித்தவர்களுக்கு வலிப்பு வரவைத்த தேநீரில் குற்றம் சாட்டப்பட்ட பொருள். ஆய்வுக்கூடங்கள் உண்மையில் என்ன கண்டன?

மலேசியாவின் ஆயர் தாவார் மளிகைக் கடைகளில் மூன்று இனத்தாரும் கேட்டு வாங்கும் சாமான்களில் அன்னாசிப்பூவும் ஒன்று. தமிழர் வீட்டில் கோழிப் பிரட்டலுக்கும் நெய்ச்சோற்றுக்கும் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு அதுவும் விழுகிறது. மலாய் வீட்டில் அதே நான்கையும் சேர்த்து ‘ரெம்பா எம்பாட் பெராடிக்’, அதாவது நான்கு உடன்பிறப்புகள் என்கிறார்கள். 1903இல் சித்தியவானில் குடியேறி இந்த வட்டாரம் முழுக்கப் பரவிய ஃபூச்சௌ சீனர்களின் வீடுகளில், சோயாவில் நெடுநேரம் வேகும் இறைச்சிக்கும் முட்டைக்கும் மணம் கொடுப்பதும் இதுதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகித் தாமான்கள் எழுந்தன. தாளிப்பில் விழும் அன்னாசிப்பூவுக்கு மட்டும் மவுசு குறையவில்லை.

அடுப்படியில் இவ்வளவு பழகிய இந்தப் பொருள் கடந்த கால் நூற்றாண்டில் இரண்டு முறை உலகச் செய்தியாகிவிட்டது. 2001இல், நட்சத்திரச் சோம்பு (அன்னாசிப்பூவின் இன்னொரு பெயர்) என்று நம்பி ஒரு மூலிகைத் தேநீரைக் குடித்த நெதர்லாந்துக்காரர்கள் வலிப்பு கண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். 2005இல், பறவைக் காய்ச்சல் பயத்தில் உலக நாடுகள் வாங்கிக் குவித்த மாத்திரைக்கு இதுதான் மூலப்பொருள் என்ற செய்தி பரவி, இதன் விலை எகிறியது. இரண்டு செய்தியும் வால் முளைத்துக் கைபேசிக்குக் கைபேசி தாவுகின்றன. ‘அது விஷம், தொடாதே’ என்று ஒருவர் அனுப்ப, ‘தினமும் காய்ச்சிக் குடி, ஒரு வைரஸும் அண்டாது’ என்று இன்னொருவர் அனுப்புகிறார்.

இரண்டுமே தவறு. ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கிடைக்கும் பதில் இதுதான்: கறியில் போடுவதற்குப் பயம் வேண்டாம். கைவைத்தியமாகக் காய்ச்சிக் குடிக்க, அதிலும் பச்சைக் குழந்தைக்குப் புகட்ட, அது ஏற்ற பொருள் அல்ல.

எட்டு அறை, எட்டு விதை

நாம் பூ என்று சொல்வது உண்மையில் ஒரு காய். மரத்தின் அறிவியல் பெயர் இல்லிசியம் வேரம். தென்சீனாவின் குவாங்சி மாநிலமும் அதை ஒட்டிய வடவியட்நாமின் லாங் சோன் மலைப்பகுதியும் இதன் தாயகம். இன்றைக்கும் உலகச் சந்தைக்கு வரும் சரக்கில் பெரும்பங்கு அங்கிருந்துதான். என்றும் பசுமையான இந்த மரம் நட்டு ஆறு ஆண்டுகள் அளவில் காய்க்கத் தொடங்கும். காயைப் பழுக்கவிடாமல் பச்சையாகவே பறித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பச்சை நிறம் போய்த் துருவின் செம்பழுப்பு ஏறுவது அந்த வெயிலில்தான்.

ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு அச்சு, அதைச் சுற்றி வழக்கமாக எட்டு அறைகள். ஒவ்வொரு அறையும் மேல்விளிம்பில் வெடித்துத் திறந்திருக்கும். உள்ளே எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் ஒரு பழுப்பு விதை. அடியில் கொக்கியாக வளைந்த காம்பு, உடையாமல் இருந்தால் தெரியும். ஒரு அறையை மட்டும் ஒடித்து, விதையைத் தனியாகவும் ஓட்டைத் தனியாகவும் நசுக்கி முகர்ந்தால் ஒன்று விளங்கும்: மணம் பெரும்பாலும் ஓட்டில்தான் இருக்கிறது. விதை உதிர்ந்துபோன காயை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

சோம்பின் மணம் வந்தாலும் சோம்புக்கும் இதற்கும் உறவே கிடையாது. சோம்பு, சீரகம், கொத்தமல்லி எல்லாம் ஒரு குடும்பம். அன்னாசிப்பூ மரம் வேறொரு பழங்காலக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் சொந்தக் குடும்பத்திலேயே, முகச்சாயலில் அப்படியே உரித்துவைத்த ஒரு பங்காளி உண்டு. ஜப்பானில் ‘ஷிகிமி’ என்று அழைக்கப்படும் இல்லிசியம் அனிசாட்டம். பௌத்தக் கோயில்களிலும் ஈமச்சடங்குகளிலும் அதன் கிளைகளைப் படைக்கிறார்கள். பொடித்து ஊதுவத்தியில் சேர்க்கிறார்கள். யாரும் சாப்பிடுவதில்லை, ஏனென்றால் அது நச்சு மரம்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அன்னாசிப்பூ ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. 1588இல் உலகைச் சுற்றித் திரும்பிய ஆங்கில மாலுமி தாமஸ் கேவெண்டிஷ் அதைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஆனால் கறிக்கு ஆகும் மரமும் ஆகாத மரமும் வெவ்வேறு என்று தாவரவியல் தீர்மானமாகப் பிரித்தது 1888இல்தான். கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் அப்போது சமையல் வகைக்குத் தனிப்பெயர் கொடுத்தார். அதுவரை நூல்களிலேயே இரண்டும் குழம்பிக் கிடந்தன. நிபுணர்களுக்கே முந்நூறு ஆண்டு பிடித்த வேறுபாடு என்றால், உலர்ந்து உடைந்த சரக்கில் அது தப்பிப்போவதில் வியப்பில்லை.

மணத்தின் வேதியியல்

அன்னாசிப்பூவைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் எண்ணெயில் 80 முதல் 90 சதவீதம் வரை ஒரே ஒரு வேதிப்பொருள்: டிரான்ஸ்-அனெத்தோல். சோம்பிலும் மணம் தருவது இதுவே. உறவில்லாத இரண்டு செடிகள் ஒன்றுபோல மணப்பதன் ரகசியம் அவ்வளவுதான். மீதியில் லிமோனீன், லினலூல், எஸ்ட்ரகோல், அனிசால்டிஹைடு போன்றவை சிறு சிறு அளவில் இருக்கின்றன.

தூய அனெத்தோல் சுமார் 21 டிகிரி செல்சியஸில் உறையும். எண்ணெயின் உறைநிலை அதைவிடச் சற்றுக் குறைவு. ஆயர் தாவார் புழுக்கத்தில் திரவமாக இருக்கும் அன்னாசிப்பூ எண்ணெய், தாப்பா வழியாக மேலேறிக் கேமரன் மலையின் குளிர்ந்த இரவுக்குப் போனால் வெண்படிகமாக இறுகத் தொடங்கிவிடும். எந்த வெப்பநிலையில் உறைகிறது என்று பார்த்தே எண்ணெயின் தரத்தைச் சோதிக்கும் முறை நெடுநாளாக உண்டு. கலப்படம் செய்தால் உறைநிலை இறங்கிவிடும்.

அனெத்தோல் நீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் எளிதாகக் கரையும். பிரான்சின் பாஸ்டிஸ் மதுவில் தண்ணீர் ஊற்றினால் பாலாக வெளுப்பது, சாராயத்தில் கரைந்திருந்த அனெத்தோல் நுண்துளிகளாகப் பிரிவதால். நம் வீட்டுச் சமையலுக்கும் இதில் பாடம் இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் முதலில் அன்னாசிப்பூவைப் போட்டு வதக்குவது வெறும் பழக்கமல்ல. அந்த எண்ணெய்தான் மணத்தை ஓட்டிலிருந்து இழுத்துச் சட்டி முழுக்கப் பரப்புகிறது. கடைசியில் குழம்பில் வெறுமனே மிதக்கவிட்டால் பாதி மணம் ஓட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

பாதுகாப்பு? உலகச் சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1998இல் அனெத்தோலை ஆராய்ந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 120 மில்லிகிராம். ஒரு பானைக் கறியில் ஒன்றிரண்டு பூவைப் போட்டு, அதையும் வீடே பகிர்ந்து சாப்பிட்டு, ஓட்டை இலையோரம் ஒதுக்கிவிடும் வழக்கத்தில் அந்த வரம்பைத் தாண்டுவது கடினம். எஸ்ட்ரகோல் வேறு கதை. அது மரபணுவைச் சேதப்படுத்திப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2001இல் முடிவுசெய்து, உணவில் அதன் அளவைக் குறைக்கச் சொன்னது. நல்ல அன்னாசிப்பூ எண்ணெயில் அது சில சதவீதமே. மணத்துக்குப் போடும் அளவில் அச்சப்பட ஒன்றுமில்லை. தினமும் லிட்டர் கணக்கில் கஷாயம் குடிக்கிறவருக்கு அது கணக்கில் வரும்.

வீட்டுக்கு உதவும் ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. அன்னாசிப்பூச் சாறு அரிசியையும் மாவையும் துளைக்கும் வண்டுகளை விரட்டவும் கொல்லவும் செய்கிறது என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள். கிருமிகளையும் பூஞ்சைகளையும் கட்டுப்படுத்துவதாகவும் பல ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை கண்ணாடித் தட்டில் நடந்தவை. தட்டில் கிருமி செத்தால் மனிதனுக்கு நோய் தீரும் என்று ஆகாது.

காய்ச்சல் மாத்திரையும் களைக்கொல்லியும்

ஜப்பானில் பணியாற்றிய டச்சு வேதியியலாளர் யோகான் ஃபிரெடெரிக் எய்க்மன் 1885இல் அந்த நச்சு மரமான ஷிகிமியின் காயிலிருந்து ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மரத்தின் பெயரையே வைத்து ஷிகிமிக் அமிலம் என்றார்கள். அந்த அமிலம் நச்சல்ல. நல்ல அன்னாசிப்பூவிலும் அது ஏராளம். அவருடைய தம்பி கிறிஸ்டியான் எய்க்மன்தான் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடி 1929இல் நோபல் பரிசு பெற்றவர். மலாயாவில் தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழ, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் தப்பியதை மருத்துவர்கள் கவனித்து எழுதிய காலம் அது. அண்ணனும் தம்பியும் தேடியது ஒன்றையே: சாப்பாட்டுப் பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வேதிப்பொருளை.

ஷிகிமிக் அமிலம் செடி, பூஞ்சை, கிருமி மூன்றுக்கும் உயிர்நாடி. அதன் வழியாகத்தான் அவை சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கின்றன. மனிதனுக்கும் விலங்குக்கும் அந்தப் பாதையே இல்லை. செம்பனைத் தோட்டங்களில் களைக்கு அடிக்கும் கிளைபோசேட், செடியின் இந்தப் பாதையைத்தான் அடைக்கிறது. களை பட்டினியில் வாடுகிறது. மருந்து அடிக்கும் தோட்டத்துப் பெண்கள் முதுகில் சுமக்கும் டப்பாவுக்கும் அவர்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் நடுவே இப்படியொரு வேதியியல் தொடர்பு இருக்கிறது.

அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் கண்டுபிடித்து, சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் ‘தாமிஃப்ளு’ என்ற பெயரில் விற்ற ஒசெல்டாமிவிர் மாத்திரைக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்ஃபுளுயன்ஸா வைரஸ் ஒரு செல்லில் பெருகி அடுத்த செல்லுக்குத் தாவ, நியூராமினிடேஸ் என்ற நொதி வேண்டும். மாத்திரை அந்த நொதியை முடக்குகிறது. இதைத் தயாரிக்க ரோஷ் தேர்ந்த தொடக்கப் பொருள் ஷிகிமிக் அமிலம். ஒரு கிலோ அமிலத்துக்குச் சுமார் 30 கிலோ உலர்ந்த காய் தேவைப்பட்டது. 2005இல் சீன விளைச்சலில் 90 சதவீதம் வரை மருந்துக்கே போகிறது என்று செய்திகள் வந்தன. பின்னர் மரபணு மாற்றிய ஈ. கோலை கிருமிகளைக் கொண்டு நொதிக்கவைத்து அமிலம் எடுக்கும் முறை வந்து, காயின் மேல் இருந்த சுமை குறைந்தது. 2009இல் எச்1என்1 பரவியபோது மலேசிய மருத்துவமனைகளிலும் இந்த மாத்திரை கைகொடுத்தது.

இதிலிருந்து கைபேசிச் செய்தி எடுத்துக்கொண்ட முடிவுதான் தப்பு. ஷிகிமிக் அமிலம் தானே வைரஸை எதிர்க்காது. தொழிற்சாலையில் பத்துப் படிகள் அளவில், வெடிக்கும் அபாயமுள்ள அசைடு சேர்மங்களையும் கையாண்டு, மூலக்கூறையே மாற்றிய பிறகுதான் அது மருந்தாகிறது. பூவை வெந்நீரில் கொதிக்கவைத்தால் அந்தப் பத்துப் படியில் ஒன்றுகூட நடப்பதில்லை. கொரோனாவுக்கும் இதைப் பரிந்துரைத்தார்கள். அந்த வைரஸிடம் நியூராமினிடேஸ் நொதியே கிடையாது. மாத்திரைக்கே வேலை இல்லாத இடத்தில் கஷாயம் என்ன செய்யும்?

தேநீர் குடித்தவர்களுக்கு வலிப்பு

2001 செப்டம்பரில் நெதர்லாந்தில் 60க்கும் மேற்பட்டோர் ஒரே மாதிரியான தொல்லையோடு வந்தார்கள். மூலிகைத் தேநீர் குடித்துச் சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி. பலருக்கு உடல் முறுக்கும் வலிப்பு. தேநீரில் இருந்த நட்சத்திரச் சோம்பை ஆராய்ந்தபோது, சமையல் வகையோடு ஷிகிமிக் காய்கள் கலந்திருந்தது தெரிந்தது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதே காலத்தில் இதுபோன்ற நிகழ்வுகள் பதிவாயின. 2002 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நட்சத்திரச் சோம்பு இறக்குமதிக்குத் தனி நிபந்தனைகளையே விதித்தது.

ஷிகிமியின் நஞ்சுக்கு அனிசாட்டின் என்று பெயர். மூளையில் நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்காமல் பிடித்து நிறுத்தும் பிரேக்காக காபா என்ற வேதிப்பொருள் வேலை செய்கிறது. அனிசாட்டின் அந்தப் பிரேக்கைச் செயலிழக்க வைக்கிறது. நரம்புகள் கட்டுக்கடங்காமல் துடித்து வலிப்பில் முடிகிறது. சுண்டெலிகளைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு மில்லிகிராமே போதுமானதாக இருந்தது. இதற்குத் தனி முறிமருந்து கிடையாது. வலிப்பை அடக்கும் மருந்து கொடுத்து, நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

பச்சிளங்குழந்தைகள்

அடி அதிகம் பட்டது குழந்தைகளுக்கு. அமெரிக்காவின் லத்தீன் வம்சாவளிக் குடும்பங்களில் குழந்தை வயிற்றுவலியால் வீறிட்டால் நட்சத்திரச் சோம்புத் தண்ணீர் கொடுப்பது பாட்டிமார் வைத்தியம். நம் வீடுகளின் ஓமத்தண்ணீரும் உரைமருந்தும் போலத்தான். 2003 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இத்தகைய தேநீரால் சுமார் 40 பேர் பாதிக்கப்பட்டதாகவும் அவர்களில் 15 பேர் அளவில் கைக்குழந்தைகள் என்றும் சொல்லி, யாரும் இதைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. அடுத்த ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் மயாமி மருத்துவர்கள் ஏழு குழந்தைகளின் நிலையை விவரித்தார்கள். ஓயாத அழுகை, வாந்தி, கண்விழி நிலைகொள்ளாமல் ஆடுவது, உடல் வெட்டி இழுப்பது. வயிற்றுவலிக்குக் கொடுத்ததாலேயே குழந்தை மேலும் அழ, வலி கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு சங்கு புகட்டும் அபாயமும் இதில் இருக்கிறது.

கலப்படம் இல்லாவிட்டால் சரிதானே என்று கேட்கலாம். அங்கேதான் 1996இல் வெளியான ஜப்பானிய ஆய்வு குறுக்கே நிற்கிறது. கலப்பில்லாத நல்ல அன்னாசிப்பூவிலேயே வெரனிசாட்டின் என்ற மூன்று சேர்மங்கள் மிகச் சிறு அளவில் இருப்பதை அது காட்டியது. கிலோவுக்கு 3 மில்லிகிராம் கொடுத்தபோது சுண்டெலிகளுக்கு வலிப்பு வந்தது. பெரியவர் தட்டில் வந்து விழும் அளவுக்கு அது பொருட்டல்ல. மூன்று நான்கு கிலோ எடையுள்ள சிசுவுக்கு, கைநிறையப் பூவை அள்ளிப்போட்டுச் சுண்டக் காய்ச்சிய தண்ணீரை நாளுக்குப் பலமுறை கொடுத்தால் கணக்கு வேறு. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்வதற்கு இதுபோன்ற காரணங்களும் துணைநிற்கின்றன.

சோம்பும் அன்னாசிப்பூவும் ஒன்றுபோல மணப்பதால், ஒன்று தீர்ந்தால் மற்றதைப் போட்டுக் காய்ச்சுவது எளிது. குழம்பில் அந்த மாற்று செல்லும். குழந்தையிடம் செல்லாது.

கண்ணால் பிரிக்க முடியுமா?

முழுக் காயாக இருந்தால் ஓரளவு முடியும். ஷிகிமிக் காய் சிறியது. அறைகளின் நுனி கூர்ந்து கொக்கிபோல் வளைந்திருக்கும். நசுக்கினால் சோம்பு மணம் வராமல் ஏலக்காயும் டர்பன்டைனும் கலந்த மணம் வரும். ஆனால் சாக்கில் நல்ல காய்களோடு கலந்து கிடந்தால் நல்லதன் மணமே எல்லாவற்றிலும் ஏறிவிடும். பொடியாக்கிவிட்டால் கண்ணும் மூக்கும் உதவாது. ஆய்வுக்கூடங்கள் இப்போது அனிசாட்டினையே நேரடியாகத் தேடுகின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2012இல் காட்டிய நிறைமாலை முறையில், காயின் ஒரு துணுக்கைக் கருவியின் முன் காட்டினாலே சில நொடிகளில் நல்லதா நச்சா என்று தெரிந்துவிடுகிறது.

மலாயாத் தீபகற்பத்தின் மலைக்காடுகளிலும் இல்லிசியம் இனத்துக் காட்டு மரங்கள் உண்டு. நட்சத்திர வடிவில் காய் கிடக்கிறதே என்று மலையேறப் போனவர்கள் எடுத்துவந்து மசாலா டப்பாவில் போடக்கூடாது.

வீட்டுக்கு ஒரு கைக்குறிப்பு

• பொடியாக வாங்காமல் முழுக்காயாக வாங்கி, தேவைக்கு வறுத்து அரையுங்கள். கறித்தூள் மில்லுக்குக் கொடுக்கும் முன் தட்டில் பரப்பி, சிறுத்தும் வளைந்தும் இருப்பதைப் பொறுக்கி எறியுங்கள்.

• காற்றுப்புகாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். மணம் போன பழைய பூவைக் கூடுதலாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

• குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வலிப்பு நோய் உள்ளவருக்கும் அன்னாசிப்பூக் கஷாயம் கொடுக்காதீர்கள்.

• அன்னாசிப்பூ எண்ணெய் செறிவு மிகுந்தது. அதை உள்ளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

• மருந்தாக விற்கப்படும் மூலிகைப் பொட்டலத்தில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் மால் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்து என்றால் எண்ணின் இறுதியில் டி என்ற ரோமன் எழுத்து இருக்கும்.

• குடித்தபின் வாந்தி, பதற்றம், வெட்டி இழுப்பு கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆயர் தாவார்க்காரர்களுக்கு ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை பக்கம். மிச்சமிருக்கும் காயையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்ல பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது.

யார் பொறுப்பு?

இவ்வளவையும் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது நியாயமல்ல. மிளகாயில் சாயம் இருக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொண்ட நாம், அன்னாசிப்பூ எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. சாக்காக இறக்கிப் பொட்டலமாகக் கட்டி விற்கும்போது, நாட்டின் பெயரோடு மரத்தின் அறிவியல் பெயரையும் அச்சிடுவதில் பெரிய செலவு இல்லை. சாக்குக்குச் சாக்கு மாதிரி எடுத்து அனிசாட்டின் சோதனை செய்ய இறக்குமதியாளர்களால் முடியும். நெதர்லாந்தில் கலப்பு நடந்தது சந்தை ஒழுங்கில்லாத நாடு என்பதால் அல்ல. ஒரே ஒரு சரக்கை யாரும் சோதிக்காததால்.

ஈப்போ லிட்டில் இந்தியாவிலும் ஆயர் தாவாரிலும் கடை வைத்திருப்பவர்களிடம் வாடிக்கையாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், அவர்கள் மொத்த வியாபாரியைக் கேட்பார்கள், அவர் இறக்குமதியாளரைக் கேட்பார். அதுவரை கறிக்கு ஒன்றிரண்டு பூ தாராளமாகப் போடுங்கள். குழந்தை அழுதால் அஞ்சறைப் பெட்டியைத் திறக்காமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.